சராசரி வேகமும் கணநேர வேகமும்

அண்மையில் நாம் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பால் நிறுக்கும் கொட்டகையின் அருகே, வேலை முடிந்த சிலர் ஒரு காகிதத்தைச் சுற்றி நின்று வாதாடிக் கொண்டிருந்தனர். அக்காகிதம் ஒரு சம்மன். அதற்கு உரியவர் அத்தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வரம்பிடப்பட்ட இடத்தில் தம் மோட்டார் சைக்கிளை 78 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினார் என்பது குற்றச்சாட்டு.

இளைஞர் தம் பக்கத்து நியாயத்தைக் கணக்காகவே எடுத்து வைத்தார். “லயத்திலிருந்து பட்டணத்துப் பேருந்து நிலையம் 20 கிலோமீட்டர். அன்று காலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்டேன். ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அரை மணிக்கு 20 என்றால் ஒரு மணிக்கு 40. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தானே, அண்ணே? 40இல் போனவனை 78 என்று எப்படி எழுதலாம்?”

கூட்டத்தில் இருந்த முதியவர் ஒருவர் பல்லாண்டுகள் தோட்டத்து லாரி ஓட்டியவர். “தம்பி, உன் கணக்கும் சரி, சம்மனும் சரி” என்றார். அது எப்படி இரண்டும் சரியாகும் என்று பலரும் அவரை நெருக்கினர். அவருக்கு உண்மை தெரிந்திருந்தது. எடுத்துச் சொல்லத்தான் சொல் வரவில்லை. அவருக்கு வராத சொற்களைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் அந்த அரை மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். லயத்திலிருந்து பெருஞ்சாலை வரை 4 கிலோமீட்டர் செம்மண் சடக்கு. முதல் நாள் மழை பெய்திருந்ததால் பள்ளங்களைத் தவிர்த்து மெல்லத்தான் வந்ததாக அவரே சொன்னார். அதற்கே 16 நிமிடம் ஆயிற்று. பட்டணத்து நுழைவாயிலில் சிவப்பு விளக்கில் 2 நிமிடம் நின்றார். ஆக 18 நிமிடம் கழிந்தது. எஞ்சியவை 12 நிமிடமும் 16 கிலோமீட்டரும். 12 நிமிடத்தில் 16 கிலோமீட்டர் என்றால், மணிக்கு 80 கிலோமீட்டர்!

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. அவர் சொன்ன 40 பொய்யன்று. அது முழுப் பயணத்தின் சராசரி. செம்மண் சடக்கில் ஊர்ந்த 15 கிலோமீட்டர் வேகமும், விளக்கடியில் நின்ற சுழிய வேகமும், தார்ச் சாலையில் பறந்த 80 கிலோமீட்டர் வேகமும் ஒரே பானையில் ஊற்றிக் கலக்கப்பட்டால் கிடைப்பது அந்த 40. கலந்த பிறகு எது எங்கே இருந்தது என்று பானையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சராசரி வேகம்

கடந்த தொலைவு முழுவதையும், அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் முழுவதாலும் வகுத்தால் வருவது சராசரி வேகம். நின்ற நேரமும் அந்த நேரத்தில் அடங்கும். இதை அளப்பதற்கு இரண்டு பொருள்கள் போதும்: தொலைவைச் சொல்லும் கிலோமீட்டர்க் கல், நேரத்தைச் சொல்லும் கடிகாரம். இடையில் நடந்தது எதுவும் நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவு எளிய கணக்கிலும் பலர் தவறி விழும் குழி ஒன்று உண்டு. பட்டணம் 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்க. போகும்போது மணிக்கு 30, திரும்பும்போது மணிக்கு 60. சராசரி என்ன? 30ஐயும் 60ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 45 என்று சொல்லத் தோன்றும். அது பிழை. போக 24 நிமிடம், வர 12 நிமிடம். மொத்தம் 36 நிமிடத்தில் 24 கிலோமீட்டர். எனவே சராசரி 40தான். மெதுவான பயணத்தில் நாம் நீண்ட நேரம் இருந்தோம்; ஆதலால் அதன் கை ஓங்குகிறது. வேகத்தைச் சராசரி பார்க்கும்போது வேகங்களைக் கூட்டக் கூடாது. தொலைவைத் தனியாகவும் நேரத்தைத் தனியாகவும் கூட்ட வேண்டும்.

சராசரி எதை மறைக்கும் என்பதைப் பால்மரத்தைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆசிரியர் வேறு எவருமில்லை. ஒரு மரத்தைச் சீவியதிலிருந்து ஒழுக்கு நிற்கும் வரை இரண்டரை மணி நேரத்தில், அதாவது 150 நிமிடத்தில், மங்கில் 150 மில்லிலிட்டர் பால் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி, நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர். ஆனால் மரம் அப்படியா பால் கொடுக்கிறது? கத்தி பட்டவுடன் பால் பட்டைக் கோட்டில் நிறைந்து வழிந்து, துளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழும். முதல் பத்து நிமிடத்தில் மட்டும் 40 மில்லிலிட்டர் என்றால், அப்போதைய வேகம் நிமிடத்துக்கு 4. கடைசி அரை மணியில் 6 மில்லிலிட்டர்தான் என்றால், நிமிடத்துக்கு 0.2. ‘நிமிடத்துக்கு 1’ என்ற அளவில் அம்மரம் பால் கொடுத்தது இடையில் மிகச் சிறிது நேரமே.

இதன் காரணத்தையும் சொல்லிவிடுவோம். பட்டையில் உள்ள பால் குழாய்களுக்குள் அழுத்தம் இருக்கிறது. இரவெல்லாம் மரம் நீரை உறிஞ்சி நிறைந்திருப்பதால் விடியுமுன் அவ்வழுத்தம் மிகுதியாக இருக்கும்; வெயில் ஏறி இலைகள் நீரை இழக்க இழக்கக் குறையும். வெட்டியவுடன் அழுத்தம் பாலை வெளியே தள்ளுகிறது. போகப் போக அழுத்தம் தணிகிறது. ரப்பர்த் துகள்கள் குழாய் வாய்களில் திரண்டு அடைத்துக்கொள்கின்றன. எத்தெபோன் மருந்து பூசிய மரத்தில் பால் நெடுநேரம் ஒழுகுவது, இவ்வடைப்பு தாமதமாவதால்தான். இருட்டோடு எழுந்து நிரைக்கு ஓடவேண்டி இருப்பதற்கும் காரணம் இதுவே. மங்கின் மொத்த அளவைக் கொட்டகைத் தராசு சொல்லும். எந்த நேரத்தில் எவ்வளவு விரைவாக ஒழுகிற்று என்பது, மரத்தடியில் நின்றவருக்கே தெரியும்.

கணநேர வேகம்

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். ‘இந்த நொடியில் என் வேகம் என்ன?’ என்ற கேள்வியில் ஒரு சிக்கல் உண்டு. நொடியையும் சுருக்கி ஒரு கணமாக்கினால், அந்தக் கணத்தில் வண்டி நகர்ந்த தொலைவு சுழியம். கழிந்த நேரமும் சுழியம். சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் விடை கிடையாது. அப்படியானால் கணநேர வேகம் என்று ஒன்று உண்டா?

உண்டு. ஒரு சைக்கிளைத் தோட்டத்துச் சரிவின் உச்சியிலிருந்து மிதிக்காமல் உருளவிடுவதாகக் கொள்வோம். அது முதல் வினாடி முடிவில் அரை மீட்டர், இரண்டாவதில் 2 மீட்டர், மூன்றாவதில் 4.5, நான்காவதில் 8, ஐந்தாவதில் 12.5 மீட்டர் என்று உருண்டிருக்கிறது. சரியாக நான்காம் வினாடி முடியும் அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன?

நான்கிலிருந்து ஐந்தாம் வினாடி வரை அது கடந்தது 4.5 மீட்டர், ஆகவே அந்த ஒரு வினாடியின் சராசரி 4.5. இது சற்று மிகுதி. ஏனெனில் அந்த வினாடிக்குள்ளேயே வேகம் கூடிக்கொண்டே போயிற்று. ஆகவே காலத்தைச் சுருக்குவோம். நான்காம் வினாடியிலிருந்து பத்தில் ஒரு வினாடி மட்டும் பார்த்தால், சராசரி வினாடிக்கு 4.05 மீட்டர். நூறில் ஒரு வினாடி என்றால் 4.005. இனிப் பின்பக்கமிருந்து வருவோம். நான்காம் வினாடிக்கு முந்திய ஒரு வினாடியின் சராசரி 3.5, முந்திய பத்தில் ஒரு வினாடியில் 3.95; நூறில் ஒரு வினாடியில் 3.995. மேலிருந்து ஒரு வரிசை இறங்குகிறது. கீழிருந்து ஒரு வரிசை ஏறுகிறது. இரண்டும் நெருங்கி நெருங்கி எந்த எண்ணைக் கவ்வுகின்றன? 4 என்ற எண்ணை. அதுவே அக்கணத்தின் வேகம்: வினாடிக்கு 4 மீட்டர், அதாவது மணிக்கு 14.4 கிலோமீட்டர். (வினாடிக்கு இத்தனை மீட்டர் என்பதை 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் கிடைக்கும்.)

சுழியத்தைச் சுழியத்தால் நாம் வகுக்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுழியத்தை நோக்கி நடந்தோம். விடை எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தோம். பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் தனித்தனியே வளர்த்த நுண்கணிதத்தின் வித்து இதுதான்.

அவர்களுக்கு முன்னரே இக்கேள்வியோடு மல்லாடியவர்கள் உண்டு. ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த வில்லியம் ஹெய்டெஸ்பரி என்பவர் 1335ஆம் ஆண்டிலேயே ஒரு நல்ல விளக்கம் தந்தார். கணநேர வேகம் என்பது, பொருள் அந்த வேகத்திலேயே மாறாமல் தொடர்ந்து சென்றிருந்தால் எவ்வளவு தொலைவு கடந்திருக்குமோ அதைக்கொண்டு அளக்கப்படுவது என்றார். மோட்டார் சைக்கிளின் வேகமானி 78 என்று காட்டினால், நாம் 78 கிலோமீட்டர் போய்விட்டோம் என்றோ, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டோம் என்றோ பொருளில்லை. இப்படியே போனால் ஒரு மணியில் 78 கிலோமீட்டர் போவோம் என்பதே பொருள். இளைஞரின் குழப்பத்தில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும்.

சரிவில் உருளும் பொருளை முறையாக அளந்தவர் இத்தாலிய நாட்டுக் கலிலியோ. நேரம் இரட்டித்தால் தொலைவு நான்கு மடங்காகிறது என்பதைச் சாய்ந்த பலகையில் பந்தை உருட்டிக் கண்டார். 1638இல் வெளிவந்த நூலில் அதை எழுதினார். வினாடி காட்டும் கடிகாரம் அவரிடம் இல்லை. பெரிய பாத்திரம் ஒன்றில் நீரை நிரப்பி, அடியில் மெல்லிய குழாய் வைத்து, பந்து உருளும் நேரம் வரை வழிந்த நீரைக் குவளையில் பிடித்து, அதைத் தராசில் நிறுத்து நேரத்தைக் கணித்தார். ஒழுகியதை நிறுத்துப் பார்த்துக் கணக்கெழுதும் வேலை நம்மவர்க்குப் புதியதன்று!

கருவிகள் செய்வது என்ன?

வேகமானியின் பழைய வகையில், சக்கரத்தோடு சுழலும் கம்பிவடம் ஒன்று மேலே வந்து ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்சுழிகளை எழுப்பி அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று தடுத்துப் பிடிக்கும். இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். இம்முறைக்கு ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்றார். இன்றைய வண்டிகளில் சக்கரத்தின் சுழற்சியை உணர்கருவி எண்ணுகிறது. மிகக் குறுகிய நேரத்தில் எத்தனை துடிப்புகள் வந்தன என்று பார்த்து எண்ணாகக் காட்டுகிறது.

இவை இரண்டும் சக்கரத்தைத்தான் அளக்கின்றன, சாலையை அன்று. ஆதலால் தயாரிப்பாளர் பொருத்திய அளவைவிடச் சிறிய டயரை மாட்டினால் வேகமானி கூட்டிக் காட்டும். பெரிய டயரை மாட்டினால் குறைத்துக் காட்டும். ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதிகளின்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. ஓரளவு கூட்டிக் காட்டலாம். ஆகவே டயரை மாற்றாத வண்டியில் முள் 60 காட்டும்போது உண்மை வேகம் பெரும்பாலும் 60க்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். மீட்டர்க் கயிறு அறுந்து ஆண்டுக்கணக்கில் முள் உறங்கும் வண்டிகளைப் பற்றி நாம் என்ன சொல்வது? தோட்டத்தில் அவை குறைவில்லை.

போலீஸாரின் லேசர்த் துப்பாக்கி வேறு வழியில் வேலை செய்கிறது. அது ஒளித்துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, ஒவ்வொன்றும் வண்டியில் பட்டுத் திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு தொலைவைக் காண்கிறது. ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான தொலைவுகள் கிடைத்துவிடுகின்றன. அவை எவ்வளவு விரைவாகக் குறைந்தன என்பதே வேகம். ராடார்க் கருவியோ, வண்டியில் பட்டுத் திரும்பும் வானொலி அலையின் அதிர்வு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறது. கருவி சாலையின் ஓரத்தில் சாய்வாக நிற்பதால், பொதுவாக அது உண்மையைவிடச் சிறிது குறைத்தே காட்டும். ஓட்டுநருக்கு அதில் நட்டமில்லை.

உற்று நோக்கினால், இக்கருவிகள் காட்டுவதும் மிகச் சிறிய நேரத்தின் சராசரிதான். சைக்கிளை நூறில் ஒரு வினாடிக்குப் பார்த்தோமே, அதுபோல. அச்சிறு நேரத்திற்குள் வேகம் குறிப்பிடத்தக்க அளவு மாறாது. ஆகையால் அதைக் கணநேர வேகமாகக் கொள்வதில் தவறில்லை.

நம் நாட்டில் தானியங்கிக் கேமராக்கள் 2012இல் ஏஇஎஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டன. பின்னர் அவாஸ் என்று பெயர் மாறின. அவை கேமரா இருக்கும் இடத்தின் வேகத்தைப் பிடிப்பவை. ஓட்டுநர்கள் அதற்கும் வழி கண்டனர். கேமரா தெரிந்ததும் பிரேக்கை அழுத்துவது, தாண்டியதும் முறுக்குவது! இதனால் 2025இல் போக்குவரத்து அமைச்சு, இரு இடங்களுக்கு இடையிலான சராசரி வேகத்தைப் பார்க்கும் முறையைச் சோதிப்பதாக அறிவித்தது. இத்தாலி நாட்டு நெடுஞ்சாலைகளில் 2005 முதல் இத்தகைய முறை உண்டு.

சராசரி எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று சற்று முன் சொன்னோம். அப்படியிருக்க அதைக்கொண்டு எப்படிக் குற்றம் காண்பது என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. 110 கிலோமீட்டர் வரம்புள்ள நெடுஞ்சாலையில் இரு கேமராக்களுக்கு இடையே 55 கிலோமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். வரம்பை மீறாமல் வந்தால் குறைந்தது 30 நிமிடம் ஆகும். ஒருவர் 25 நிமிடத்தில் வந்து சேர்ந்தால் அவருடைய சராசரி 132. வழி முழுதும் 110க்கு மேல் போகாதவருக்கு 132 சராசரி வரவே வராது. எங்கே மீறினார் என்று தெரியாது. மீறினார் என்பது மட்டும் உறுதி. ஆனால் இதன் மறுதலை உண்மையன்று. சராசரி வரம்புக்குள் இருந்தது என்பதால் ஒரு கணமும் மீறவில்லை என்று ஆகாது. மிகுதியான சராசரி குற்றத்திற்குச் சாட்சியாகும். குறைந்த சராசரி குற்றமின்மைக்குச் சாட்சியாகாது. நம் இளைஞர் தவறியது இவ்விடத்தில்தான்.

இதைக் கேட்டதும் அவர், “சரி, 18 கிலோமீட்டர்தானே கூடிற்று?” என்றார். அந்த 18ஐயும் கணக்கிட்டே பார்த்தோம். அவர் பிடிபட்ட இடம் சாலையோரத் தமிழ்ப்பள்ளிக்கு அருகில். பிள்ளைகள் சாலையைக் கடக்கும் நேரம் அது. ஒரு பிள்ளை குறுக்கே வருவதைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகும் என்க. பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் குறைவதாகக் கொள்வோம். காய்ந்த தார்ச் சாலையில் சாதாரண ஓட்டுநருக்கு இது பொருந்தும். 60 கிலோமீட்டரில் வருபவர் அந்த ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டரும், பிரேக் பிடித்தபின் 28 மீட்டரும் போய், மொத்தம் 45 மீட்டருக்குள் நின்றுவிடுவார். 78இல் வருபவர் நிற்க 69 மீட்டர் வேண்டும்.

இதோடு நின்றுவிட்டால் 24 மீட்டர் வேறுபாடு என்று போய்விடும். உண்மை இதைவிடக் கொடியது. முதலாமவர் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாமவர் கடக்கும்போது அவருடைய வேகம் என்ன? கணக்கு சொல்லும் விடை, மணிக்கு 56 கிலோமீட்டர்! பிரேக்கை முழுதும் அழுத்திக்கொண்டிருக்கும்போதே 56. பிள்ளை அவ்விடத்தில் நின்றிருந்தால், முதல் வண்டி அதன் முன்னால் வந்து நின்றிருக்கும். இரண்டாவது வண்டி 56 கிலோமீட்டர் வேகத்தில் மோதியிருக்கும். கூடுதலாக வந்தது 18. எஞ்சி நின்றது 56. வேகம் இரட்டித்தால் பிரேக் தொலைவு நான்கு மடங்காகும் என்ற, கலிலியோ கண்ட அதே உறவின் மறுபக்கம் இது. மழையில் நனைந்த சாலையிலோ, செம்மண் சேற்றிலோ இத்தொலைவுகள் இன்னும் நீளும். நம் நாட்டில் சாலை விபத்தில் மாள்பவருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவரே என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மோதும் கணத்தில் என்ன வேகம் என்பதே உடலைத் தாக்குகிறது. அரை மணிப் பயணத்தின் சராசரி 40 என்பது அந்தப் பிள்ளைக்கும், ஓட்டியவருக்கும் எவ்வகையிலும் உதவாது.

முதியவர் தம் லாரி நாட்களில் செய்துவந்த ஒரு சோதனையைச் சொன்னார். வேகமானி சரியா என்று பார்க்க அவருக்குப் பட்டறை வேண்டியதில்லையாம். பெருஞ்சாலையில் கிலோமீட்டர்க் கற்கள் இருக்கின்றன. போக்குவரத்துக் குறைந்த, நேரான இடமாகப் பார்த்து முள்ளைச் சரியாக 60இல் நிறுத்தி ஓட்ட வேண்டும். பின்னால் அமர்ந்திருப்பவர்தான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 வினாடி ஆனால் வேகமானி சரி. 66 வினாடி ஆனால் உண்மை வேகம் 54 அல்லது 55தான்; முள் கூட்டிக் காட்டுகிறது. 56 வினாடியிலேயே கல் வந்துவிட்டால் உண்மை வேகம் 64. முள் குறைத்துக் காட்டுகிறது, வண்டியைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும். எந்த வேகத்துக்கும் 3,600ஐ வினாடிகளால் வகுத்தால் போதும்.

இளைஞர் சம்மனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அச்சோதனையைச் செய்து பார்ப்பதாகச் சொன்னார். அவருடைய வண்டியின் பின் டயர் அண்மையில் மாற்றப்பட்டதாம். வேகமானிக் கயிறு எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று முதியவர் கேட்டார். இருவரும் குனிந்து பார்க்கத் தொடங்கினர்.